காற்று பார்த்த வேலைக்குக் கணக்குப் போடுவது எப்படி?

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேட்டை நம்பித்தான் அப்பா கடை போட்டார். முதலில் சைக்கிள் கடை. அப்புறம் கடன் வாங்கி ஒரு கம்ப்ரஸர் போட்டு, லாரி டயர் வரைக்கும் பார்க்கிற பஞ்சர் கடை. பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு அங்கேதான் ஜாகை. கைப்பம்பை மிதித்துப் பிடித்து இருபது தடவை அடித்தால் குழாயின் அடிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுடும். டயர் வால்வின் நடு ஊசியை நகத்தால் அழுத்திக் காற்றை இறக்கினால் விரல் நுனி சில்லென்று ஆகும். ஏழு வயதிலேயே இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டேன். இதைக் கணக்காகவும் போடலாம் என்று தெரிந்தது பதினொன்றாம் வகுப்பில்தான்.

தெரிந்த விதம்தான் சரியில்லை. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் கரும்பலகையில் வாயு விரியும்போது செய்கிற வேலைக்கு நான்கு சூத்திரங்களை எழுதிப்போட்டு, "இதுல ஒண்ணு கட்டாயம் வரும், மனப்பாடம் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நானும் பண்ணினேன். தேர்வில் கணக்கு வந்தது. நான்கில் எது என்று தெரியாமல் நடுவில் இருந்த ஒன்றைப் போட்டேன். ஐந்து மதிப்பெண் போயிற்று.

இப்போது வீட்டு மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு அதே பாடத்துக்கு டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: "மிஸ், எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம்?" நான் சொல்லித் தருவது இதுதான். சூத்திரத்தைக் கடைசியில் எடு. முதலில் காற்று எதைத் தள்ளுகிறது என்று பார். அடுத்து அது போகிற வழியைப் படமாகப் போடு. படம் வந்துவிட்டால் சூத்திரம் தானாக வரும். வராவிட்டாலும் கட்டம் எண்ணி விடை சொல்லிவிடலாம். நிஜமாகத்தான் சொல்கிறேன், எண்ணிக் காட்டுகிறேன்.

எதைத் தள்ளுகிறது?

வேலை என்றால் எதிர்ப்பை மீறி நகர்த்துவது. எதிர்ப்பே இல்லாத இடத்தில் வாயு பரவினால் அது ஊர் சுற்றியதாகத்தான் அர்த்தம், வேலை பார்த்ததாக ஆகாது. பிஸ்டன் போட்ட ஓர் உருளையை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் விசை. விசையைப் பிஸ்டன் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை. பரப்பு × தூரம் என்பது கூடுதலாகக் கிடைத்த பருமன்தானே? ஆக, வேலை = அழுத்தம் × பருமன் மாற்றம். இந்த ஒரு வரியைத் தவிர இந்தப் பாடத்தில் மனப்பாடம் பண்ண எதுவுமே இல்லை என்பது என் கட்சி.

அலகுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. அழுத்தத்தைக் கிலோபாஸ்கலிலும் பருமனை லிட்டரிலும் வைத்துப் பெருக்கினால் நேராக ஜூல் வந்துவிடும். பத்தின் அடுக்கு பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

நம்பிக்கை வராத பிள்ளைக்கு ஒரு சிரிஞ்சு போதும். மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்சு வாங்கி, ஊசி முனையை அடைத்து, 40 மில்லி காற்றை உள்ளே பிடித்துவையுங்கள். அறை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். (ஏப்ரல் மாதம் நீடாமங்கலத்தில் 27 எங்கே கிடைக்கும்? கணக்குக்காகத்தான்.) இப்போது சிரிஞ்சை 87 டிகிரி வெந்நீரில் அமிழ்த்துங்கள். 360 கெல்வின். காற்று 48 மில்லிக்கு விரிந்து தண்டைத் தள்ளும். பிளாஸ்டிக் சிரிஞ்சில் ரப்பர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், தண்டை லேசாகத் திருகிவிட வேண்டும். வெளியே வளிமண்டல அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். 100 × 0.008 = 0.8 ஜூல். 80 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குகிற வேலை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கரண்டி காற்று பார்த்த வேலை அது.

இதுதான் அழுத்தம் மாறா நிகழ்வு. வெளியே இருக்கிற எதிர்ப்பு கடைசி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கிறது, அதனால் பெருக்கினால் முடிந்தது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், விரிய விரிய அழுத்தம் குறையும்போது. எந்த அழுத்தத்தை வைத்துப் பெருக்குவது? ஆரம்பத்தில் இருந்ததையா, கடைசியில் இருந்ததையா? இந்த இடத்தில்தான் படம் வேண்டும்.

படம்

இதைக் கண்டுபிடித்தது வாத்தியார்கள் இல்லை, எஞ்சின்காரர்கள். 1796 வாக்கில் ஜேம்ஸ் வாட்டிடம் வேலை பார்த்த ஜான் சதர்ன், நீராவி எஞ்சினிலேயே ஒரு பென்சிலைக் கட்டிவிட்டார். பிஸ்டன் நகர்ந்தால் பலகை பக்கவாட்டில் நகரும். அழுத்தம் ஏறி இறங்கினால் பென்சில் மேலும் கீழும் போகும். எஞ்சின் ஓட ஓட அதுவே தன் படத்தைத் தானே வரைந்துகொண்டது. அந்தக் கோட்டுக்குள் அடைபட்ட பரப்புதான் எஞ்சின் செய்த வேலை. வாட் கம்பெனி இதை ரொம்ப நாள் தொழில் ரகசியமாகவே வைத்திருந்தது. சூத்திரம் பிறகு வந்தது, பரப்புதான் முதலில். எங்கள் டியூஷனில் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் கட்டம் போட்ட தாளைக் கொடுப்பதில்லை.

சரி, தாளை எடுங்கள். எஞ்சின் போய்த் திரும்புகிறது, கோடு மூடிக்கொள்கிறது. நம் கணக்கில் ஒரு தரம் விரிவது மட்டும்தான், அதனால் கோட்டுக்கு அடியில் உள்ள பரப்புதான் வேலை. படுக்கை அச்சு பருமன்: 1 லிட்டருக்கு 10 சென்டிமீட்டர். செங்குத்து அச்சு அழுத்தம்: 50 கிலோபாஸ்கலுக்கு 1 சென்டிமீட்டர். அழுத்த அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும், இது முக்கியம். இடம் போதவில்லை என்று 100-இலிருந்து ஆரம்பித்தால் கீழே ஒரு பட்டை பரப்பு காணாமல் போய்விடும். பருமன் அச்சை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். இந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் கட்டம் ஒன்று 0.1 லிட்டர் × 50 கிலோபாஸ்கல், அதாவது 5 ஜூல்.

இனி ஒரே கணக்கு, பல வழி. பிஸ்டனுக்கு அடியில் 1 லிட்டர் காற்று, 400 கிலோபாஸ்கல் அழுத்தம், 300 கெல்வின். அதை 2 லிட்டருக்கு விரிய விடுகிறோம். நல்லியல்பு வாயுவாகவே எடுத்துக்கொள்ளலாம், இந்த அழுத்தத்தில் காற்றுக்கு அது பொருந்தும். எத்தனை மோல் என்று கேட்டால் 400-ஐ 8.314 × 300-ஆல் வகுக்க வேண்டும், 0.16 மோல் வரும். ஆனால் அது இந்தக் கணக்கில் எங்கேயும் தேவைப்படாது. மோலைத் தேடிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அழுத்தமும் பருமனும் கையில் இருந்தால் அவற்றின் பெருக்கல், இங்கே 400 ஜூல், மோல் × வாயு மாறிலி × வெப்பநிலை என்பதற்குப் பதிலாக அப்படியே உட்காரும்.

அழுத்தம் மாறாமல் விரிந்தால் கோடு 400-இலேயே படுக்கையாகப் போகும். அடியில் 10-க்கு 8 செவ்வகம், 80 கட்டம், 400 ஜூல். இதற்கு அடியில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். 2 லிட்டர் ஆகும்போது வெப்பநிலை 600 கெல்வினைத் தொட்டிருக்கும். கொடுத்த வெப்பம் 1400 ஜூல், அதில் வேலையாக வந்தது 400 மட்டும். மிச்சம் 1000 ஜூலும் காற்றின் அக ஆற்றலாக உள்ளேயே தங்கிவிட்டது.

பருமன் மாறா நிகழ்வுக்கு ஒரு வரி போதும். கோடு செங்குத்து, அடியில் பரப்பு கிடையாது, வேலை பூஜ்யம். வெயிலில் நிற்கிற லாரியின் டயரில் அழுத்தம் ஏறுவது ஏறக்குறைய இதுதான்.

மெதுவாக விரிந்தால்

இப்போது வெப்பநிலை மாறா நிகழ்வு. பிஸ்டன் மேல் மணல் குவித்திருப்பதாக நினைத்து, ஒவ்வொரு மணலாக எடுங்கள். காற்று விரிந்து வேலை செய்யும், செய்யும்போது குளிரப் பார்க்கும். ஆனால் நாம்தான் அவசரப்படவில்லையே! உருளையைச் சுற்றியுள்ள தண்ணீர் அந்த நேரத்துக்குள் இழந்த வெப்பத்தைக் கொடுத்துவிடும். இப்படி ஒவ்வொரு கணமும் சமநிலையை விட்டு விலகாமல் போவதைத்தான் பாடப்புத்தகம் மீமெது நிகழ்வு என்கிறது. நல்ல சொல்.

வெப்பநிலை மாறாததால் அழுத்தம் × பருமன் எப்போதும் 400. 1.25 லிட்டரில் 320, 1.6-இல் 250, 2-இல் 200. நான்கு புள்ளிகளை வைத்து வளைகோட்டை இழுங்கள். பிறகு அடியில் உள்ள கட்டங்களை எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடு. எங்கள் மாடியில் எண்ணியவர்களுக்கு 54 முதல் 57 வரை வந்தது. 55 என்று வைத்தால் 275 ஜூல்.

சூத்திரம் என்ன சொல்கிறது? அழுத்தம் × பருமன் × இயல் மடக்கை (கடைசிப் பருமன் ÷ முதல் பருமன்). 400 × 0.693 = 277 ஜூல். தேர்வில் கையில் இருப்பது பத்தடிமான மடக்கை அட்டவணை. அதில் 2-க்கு 0.3010 இருக்கும். அதை 2.303-ஆல் பெருக்க மறந்தால் 120 ஜூல் என்று வரும். கட்டம் எண்ணியவளுக்கு 120-ஐப் பார்த்ததுமே தப்பு என்று தெரிந்துவிடும். மனப்பாடம் பண்ணியவளுக்குத் தெரியாது. படம் போடச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இந்த வழியில் அக ஆற்றல் மாறவில்லை. வந்த வெப்பம் 277, போன வேலை 277. கொடுக்கல் வாங்கல் சரி.

சட்டென்று விரிந்தால்

வெப்பம் உள்ளே வர நேரமே கொடுக்காமல் விரியவிட்டால் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. வேலைக்கான கூலியைக் காற்று தன் மடியிலிருந்தே கொடுக்க வேண்டியதுதான். அதனால் குளிர்கிறது. வால்வு ஊசியை அழுத்தினால் விரல் சில்லிட்டதும் இதனால்தான்: டயருக்குள் மிச்சமிருக்கிற காற்று, வெளியே போகிற காற்றைத் தள்ளிவிடும் வேலையைச் செய்து தன் வெப்பத்தை இழக்கிறது. கைப்பம்பில் இதே கதை தலைகீழ். நாம் காற்றின் மேல் வேலை செய்கிறோம், அது சுடுகிறது. அந்தச் சூட்டுக்குக் காரணம் தோல் வாஷர் உராய்வதுதான் என்று அப்பா ரொம்ப நாள் சாதித்தார். ஒருநாள் பம்பின் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு இருபது தடவை அடித்துக் காட்டினேன். வாஷர் அதே வாஷர்தான், ஆனால் குழாய் அப்படிச் சுடவில்லை. "ம்" என்றார். அப்பாவிடம் அவ்வளவுதான் கிடைக்கும்.

இந்த வழியில் மாறாமல் இருப்பது அழுத்தம் × பருமனின் காமா அடுக்கு. காமா என்பது இரண்டு தன்வெப்ப ஏற்புத்திறன்களின் தகவு: அழுத்தம் மாறாமல் சூடாக்கும்போது உள்ளதை, பருமன் மாறாமல் சூடாக்கும்போது உள்ளதால் வகுத்தது. காற்று பெரும்பாலும் ஈரணு வாயுக்கள், அதனால் 1.4. ஹீலியம், ஆர்கான் போன்ற ஓரணு வாயு என்றால் 1.67. வினாத்தாளில் வாயுவின் பெயரைக் கொடுத்திருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை, காமாவுக்காக.

நம் கணக்கில் 1.25 லிட்டரில் 293, 1.6-இல் 207, 2-இல் 152 கிலோபாஸ்கல். முந்தைய வளைகோட்டின் அதே தலைப்புள்ளியிலிருந்து கிளம்பி அதற்குக் கீழே சரிந்துகொண்டு போகும். ஏன் கீழே? விரிவதால் குறைகிற அழுத்தம் ஒன்று, குளிர்வதால் குறைகிற அழுத்தம் இன்னொன்று. இரண்டு அடி.

வேலை: ஆரம்பத்தின் அழுத்தம் × பருமனிலிருந்து கடைசியின் அழுத்தம் × பருமனைக் கழித்து, காமா கழித்தல் ஒன்றால் வகுக்க வேண்டும். (400 − 303) ÷ 0.4 = சுமார் 242 ஜூல். வெப்பநிலை 227 கெல்வினுக்கு இறங்கியிருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 46 டிகிரி செல்சியஸ்! நம்ப முடியவில்லை என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். உருளை உலோகமாக இருந்தால் நிஜத்தில் அவ்வளவு குளிராதுதான். சுவரிலிருந்து வெப்பம் கசிந்து உள்ளே வரும். அப்போது அடுக்கு 1.4-க்கும் 1-க்கும் நடுவில் எங்கோ நிற்கும். 1.2 என்று வைத்தால் வேலை 259 ஜூல். சூத்திரம் அதேதான், 0.4-க்குப் பதில் 0.2, கடைசி அழுத்தம் 174. 277-க்கும் 242-க்கும் இடையில் விழுகிறது பாருங்கள். விழாவிட்டால் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறீர்கள்.

எதிர்த்திசையில், அதாவது சட்டென்று அழுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வலங்கைமான் பக்கம் சித்தப்பா வயலில் ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. மேட்டூர்த் தண்ணீர் தாமதமாகிற வருஷங்களில் பில்டர் பாயிண்ட் என்கிற ஆழம் குறைந்த குழாய்க் கிணற்றிலிருந்து குறுவைக்கு இறைத்தது அதுதான். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அழுக்கினால், 300 கெல்வின் × 16-இன் 0.4 அடுக்கு, சுமார் 900 கெல்வின். 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். குளிர்ந்த காலையில் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்றினால் எஞ்சின் எடுக்காது. வெப்பம் சுவர் வழியே போக நேரம் கிடைத்துவிடுகிறது. சித்தப்பா, காற்று அழுந்தாமல் வால்வைத் திறந்துவைக்கிற லிவரைத் தூக்கிவிட்டு, பிளைவீலை நன்றாக வேகம் ஏற்றி, அப்புறம்தான் லிவரை விடுவார். மீமெதுவுக்கும் சட்டென்றுக்கும் உள்ள வித்தியாசம் அவர் தோள்பட்டைக்குத் தெரிந்திருந்தது.

எந்த நிகழ்வு என்று தேர்ந்தெடுப்பதில் தப்புப் பண்ணினால் வெட்கப்பட வேண்டாம். நியூட்டனே பண்ணியிருக்கிறார். காற்றில் ஒலி பரவும்போது வெப்பநிலை மாறாது என்கிற மாதிரி கணக்குப் போட்டார். அவர் வழியில் இன்றைய அளவுகளை வைத்துப் போட்டால் நொடிக்கு 280 மீட்டர் வரும். அளந்து பார்த்தால் 332. ஒலியின் அழுக்கலும் தளர்தலும் அவ்வளவு வேகம், வெப்பம் நகர நேரமில்லை, காமாவைப் போடு என்று லாப்லாஸ் திருத்தினார். அது 1816-இல். நியூட்டனின் புத்தகம் வந்தது 1687-இல்.

எதிர்ப்பு இல்லாமல், அல்லது கொஞ்சமாக

பிஸ்டனே இல்லை, இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் வெற்றிடம், நடுவில் தடுப்பு. தடுப்பை எடுத்துவிட்டால்? 1845-இல் ஜூல் இரண்டு செம்புப் பாத்திரங்களைத் தண்ணீரில் வைத்து இதைச் செய்தார். ஒன்றில் 22 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் காற்று, இன்னொன்று காலி. திறந்தார். தண்ணீரின் வெப்பநிலை அவருக்குத் தெரிகிற அளவுக்கு மாறவில்லை. தள்ள ஆளில்லை, வேலை பூஜ்யம், வெப்பமும் பூஜ்யம். அழுத்தம் பாதியானதைப் பார்த்துவிட்டு 277 என்று எழுதுகிறவர்கள் நிறைய. கணக்கில் "வெற்றிடத்தினுள்" என்ற சொல் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள்.

நடுத்தரமான நிலை இன்னொன்று. நம் 400 கிலோபாஸ்கல் காற்றின் மேலிருந்த எடையை ஒரே தடவையில் எடுத்துவிட்டோம். வெளியே வளிமண்டலத்தின் 100 மட்டும். 2 லிட்டரில் ஒரு தடுப்பு பிஸ்டனை நிறுத்துகிறது. காற்று தள்ளியது 100-ஐத்தான், அதனால் வேலை 100 × 1 = 100 ஜூல். உள்ளே எவ்வளவு பலம் இருந்தால் என்ன, எதிரே இருந்த சுமை எவ்வளவோ அவ்வளவுதான் கூலி. இது மீளா நிகழ்வு. இடைப்பட்ட நேரத்தில் உள்ளே அழுத்தம் இடத்துக்கு இடம் வேறு, அதனால் உள் அழுத்தத்தைக் கோடாகப் படத்தில் போடவே முடியாது. வெளி அழுத்தத்தைத்தான் போட வேண்டும்.

நேர்கோட்டில் 400-இலிருந்து 200-க்கு இறங்கினால் சரிவகம்: சராசரி 300 × 1 = 300 ஜூல். அதே முனைகள்தான் வெப்பநிலை மாறா வழிக்கும், அங்கே 277. ஆரம்பமும் முடிவும் ஒன்றாக இருந்தும் வேலை வேறு. நீடாமங்கலத்திலிருந்து திருவாரூருக்குக் கொரடாச்சேரி வழியாகவும் போகலாம், மன்னார்குடி சுற்றியும் போகலாம். போய் இறங்குகிற ஊர் ஒன்று, டிக்கெட் வேறு. அக ஆற்றல் ஊர் மாதிரி, வேலை டிக்கெட் மாதிரி.

கால் இடறும் இடங்கள்

வெப்பப் பரிமாற்றமில்லா வழியைவிட வெப்பநிலை மாறா வழியில்தான் வேலை அதிகம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது. விரியும்போது, ஒரே இடத்தில் தொடங்கி ஒரே பருமனில் முடித்தால் அது சரி. ஒரே அழுத்தத்தில் முடித்தாலும் சரிதான், ஆனால் எண்கள் மாறும்: 200 கிலோபாஸ்கல் வரை போனால் 277-க்கு எதிரே வெப்பப் பரிமாற்றமில்லா வழியில் 180 ஜூல்தான், ஏனென்றால் அது 1.64 லிட்டரிலேயே நின்றுவிடும். ஒரே பருமனுக்கு அழுக்கும்போது தலைகீழ், குளிரவிடாமல் அழுக்கினால்தான் நமக்குச் செலவு அதிகம். கடைக் கம்ப்ரஸரின் தலையில் வரிவரியாகத் தகடுகள் வைத்திருப்பது அந்தச் செலவைக் குறைக்கவும்தான்.

குறி. இயற்பியல் புத்தகத்தில் வாயு செய்த வேலை நேர்க்குறி. வேதியியல் புத்தகத்தில் வாயுவின் மேல் செய்த வேலை நேர்க்குறி, அதனால் விரியும்போது கழித்தல் வரும். இரண்டு புத்தகமும் ஒரே பையில். எந்தத் தாள் எழுதுகிறோம் என்று பார்த்துக்கொண்டு குறியைப் போடுங்கள்.

எல்பிஜி சிலிண்டரை இந்தப் பாடத்துக்கு எடுத்துக்காட்டாகத் தயவுசெய்து எழுதாதீர்கள். கல்யாண சமையலில் பெரிய அடுப்பு எரியும்போது சிலிண்டர் வேர்த்துப் பனி பூப்பது, உள்ளே திரவம் ஆவியாகத் தன் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால். அது வேறு கணக்கு.

கடைசியாக அளவி. டயர்க் கடை அளவி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான். முள் பூஜ்யத்தில் நின்றாலும் பஞ்சரான டயருக்குள் 100 கிலோபாஸ்கல் இருக்கத்தான் செய்கிறது. நம் சூத்திரங்களுக்கு வேண்டியது முழு அழுத்தம். கல்லூரியில் முதல் வருஷம் நான் இந்த 100-ஐக் கூட்டாமல் ஒரு செய்முறை ஏடு முழுக்க எழுதி, மொத்தத்தையும் திரும்ப எழுதினேன். பஞ்சர் கடைக்காரர் மகளுக்கு வரக்கூடாத தப்பு.

ஒரு லாரி டயர்

லாரி டயருக்குக் காற்று ஏற்றும்போது அப்பா என்னைப் பக்கத்தில் விடமாட்டார். அவரும் சக்கரத்துக்கு நேரே நிற்காமல் ஓரமாகத்தான் நிற்பார், டயரை ரிம்மோடு பிடித்துவைக்கிற லாக் ரிங் தெறித்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர். எவ்வளவு வேலை அதற்குள் காத்திருக்கிறது? டயருக்குள் 100 லிட்டர் காற்று, அளவி 100 பிஎஸ்ஐ என்று வைப்போம். 100 பிஎஸ்ஐ என்பது சுமார் 690 கிலோபாஸ்கல். வளிமண்டலத்தைக் கூட்டினால் 790. வெடிப்பது கண் இமைக்கும் நேரம், ஆகவே வெப்பப் பரிமாற்றமில்லா வழி. அழுத்தம் 100-க்கு இறங்கும் வரை விரிந்தால் பருமன் சுமார் 438 லிட்டர். வேலை (79,000 − 43,800) ÷ 0.4 = 88,000 ஜூல். அதில் 338 லிட்டர் வெளிக்காற்றை ஒதுக்கித் தள்ளவே 33,800 போய்விடும். மிச்சம் சுமார் 54,000. நிஜ வெடிப்பு மீளா நிகழ்வு, அதனால் இது உச்சவரம்பு. அப்படியும், 50 கிலோ ஆளை 110 மீட்டர் தூக்குகிற வேலை அது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 216 அடி. இது 360 அடி.

அப்பாவிடம் தாளைக் காட்டினேன். "100 லிட்டர்னு யாரு அளந்தா?" என்றார்.

சைக்கிள் டியூபுக்கு நீங்கள் போட்டுப் பாருங்கள். 2 லிட்டர், அளவி 40 பிஎஸ்ஐ, அதாவது முழு அழுத்தம் 376 கிலோபாஸ்கல். வெளிக்காற்றைத் தள்ளியதைக் கழித்த பிறகு 277 ஜூலுக்குப் பக்கத்தில் வர வேண்டும். மேலே வெப்பநிலை மாறா கணக்கிலும் 277-தான் வந்தது. அது தற்செயல், அங்கிருந்து பார்த்து எழுதிவிடாதீர்கள்.